சுபேதார் அங்கிளின் துப்பாக்கி

சின்ன வயசில் தீபாவளிக்கு ஒரு தகரத் துப்பாக்கியும் ஒரு டப்பா ரோல் கேப்பும் வாங்கித் தருவார்கள். முதல் நாலு கேப் டப் டப்பென்று வெடிக்கும். அஞ்சாவது சிக்கும். ரோல் கோணலாகப் போய் மடங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரம் நோண்டிப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைக் கடாசிவிட்டு, ரோலைத் திண்ணையில் வைத்துக் கல்லால் தட்ட வேண்டியதுதான். அந்தத் துப்பாக்கியை யாரும் ரிப்பேர் செய்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் இஞ்சினியரிங் படித்து, ஊர் ஊராகச் சுற்றி, இப்போது குடகில் ஒரு காபிக் கொட்டை பதப்படுத்தும் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். யோசித்துப் பார்த்தால் இருபது வருஷமாக நான் பிடுங்குவதெல்லாம் அதே ஆணிதான். ஒரு பொருள் வரிசையாக வர வேண்டும், ஒவ்வொன்றாகப் போக வேண்டும், நடுவில் சிக்கக் கூடாது. சிக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். போன ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் அப்படி என்னைக் கூப்பிட்டது ஃபேக்டரி இல்லை, என் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் என்றால் சுபேதார் அங்கிள். வயசு 76. மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ரிட்டயர் ஆனவர். குன்னூர் பக்கம் வெலிங்டனில் வருஷக்கணக்காக ரெக்ரூட்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும், கொஞ்சம் பரேட் மைதானத் தமிழ். அவர் தோட்டத்தில் பழைய ரைட்டர் வீட்டில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன்.

அன்றைக்கு நல்ல மழை. வராந்தாவில் மேஜை மேல் துணி விரித்து ஒரு துப்பாக்கி. அங்கிள் ஒரு பக்கம், அவர் மகன் ஒரு பக்கம். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

மகன்தான் ஆரம்பித்தார். "சார், நீங்களே சொல்லுங்க. போன வருஷத்துல இருந்து இது அப்பா கையில சிக்கிக்கிட்டே இருக்கு. என் கையில ஒரு தடவை கூட சிக்கினதில்ல. அப்பாவுக்குத் தோள்பட்டை முன்ன மாதிரி இல்ல. இந்த வருஷம் கைல்போத்துக்கு அவர் சுட வேண்டாம்னு சொல்றேன். கோபப்படறார்."

அங்கிள் என்னைப் பார்த்தார். "தம்பி, உங்க மிஷின்ல இப்படி ஆனா யாரைத் திட்டுவீங்க? மிஷினையா, ஆபரேட்டரையா?"

உண்மையைச் சொன்னால், நாங்கள் முதலில் ஆபரேட்டரைத்தான் திட்டுவோம். அதைச் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

குடகு பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். கைல்போத் என்பது இவர்களின் ஆயுத பூஜை. நாற்று நட்டு முடித்தபின், பெரும்பாலும் செப்டம்பர் 3-ஆம் தேதி. வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்து, பூஜை அறையில் வைத்து, குழல் முனையில் ஒரு பூவைச் செருகுவார்கள். பூவின் பெயரே தோக் பூ, துப்பாக்கிப் பூ. முதல் வருஷம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர் இங்கே வேறு வேலையில் இருக்கிறது :-)

அந்தக் காலத்தில் பூஜை முடிந்ததும் வேட்டைக்குக் கிளம்புவார்களாம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதெல்லாம் இல்லை. இப்போது மரத்தில் உயரமாகத் தேங்காயைக் கட்டிவிட்டு அதைச் சுடும் போட்டி. பெண்களும் சுடுவார்கள். 1861-லிருந்து குடவர்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் விலக்கு உண்டு. மத்திய அரசு 2019-இல் அதை 2029 வரை நீட்டித்தது. முன்பெல்லாம் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, சாவு என்றால் இரண்டு. அதனால் "நீங்க சுட வேண்டாம்" என்று ஒரு குடவரிடம் சொல்வது, நம்ம ஊரில் ஒரு பெரியவரிடம் "நீங்க பந்தியில உட்கார வேண்டாம்" என்று சொல்கிற மாதிரி. அவர் முகத்தில் அது தெரிந்தது.

எனக்கு அந்த விலக்கும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. அதனால் கடைசி வரை நான் அந்தத் துப்பாக்கியைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேள்வி மட்டும்தான். இது ஒரு வகையில் நல்லது. நம்ம தொழிலில் பாதிக் கோளாறு, ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நாலு கேள்வி கேட்காததால் வருவது.

துப்பாக்கி .22 லீவர் ரைஃபிள். அமெரிக்காவில் செய்தது. 1950களில் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடமிருந்து அங்கிளின் அப்பா வாங்கியது. முயல், காட்டுக்கோழி என்று சின்ன வேட்டைக்கு. லீவர் ரைஃபிள் என்றால் லயன் காமிக்ஸ் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், டெக்ஸ் வில்லர் கையில் இருக்குமே அந்த ஜாதி. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய கூடு வெளியே போய்ப் புதுத் தோட்டா உள்ளே வரும். 1860-இல் வந்த ஹென்றி, பிறகு வின்செஸ்டரின் 1873, 1892, 1894 மாடல்கள் எல்லாமே இந்தக் குடும்பம். நம்ம பக்கத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் துரத்திய கெனத் ஆண்டர்சன் வைத்திருந்ததும் லீவர்தான், .405 வின்செஸ்டர்.

இந்த ஜாதித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் இருக்கும் இடம் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய். ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். பெரிய தோட்டாவாக இருந்தால் இதில் கூர்முனைக் குண்டு போடக் கூடாது. பின்னால் இருக்கும் குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் நடுப்பொட்டில் இடித்துக்கொண்டு நிற்கும், ஒரு அதிர்ச்சி போதும். .22-இல் அந்தப் பயம் இல்லை. அதன் வெடிமருந்துப் பொட்டு நடுவில் இல்லாமல் விளிம்பைச் சுற்றி இருக்கிறது.

அங்கிளின் துப்பாக்கியில் அந்தக் குழாய்க்குள்ளே பித்தளையில் இன்னொரு குழாய். அதற்குள் நீளமான ஸ்பிரிங், ஸ்பிரிங் முனையில் தோட்டாவைத் தள்ளுவதற்கு ஒரு சின்ன உலோகத் துண்டு. பித்தளைக் குழாயை முன்பக்கமாக இழுத்துவிட்டு, திறப்பு வழியாகத் தோட்டாக்களைப் போட்டு, குழாயைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். பித்தளைக் குழாய் தோட்டாக்களின் மேல் உறை மாதிரி வந்து மூடும், ஸ்பிரிங் அழுந்தும். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை லீவர் போய் வரும்போதும் ஸ்பிரிங் ஒரு தோட்டாவைப் பின்னால் அனுப்பும், கேரியர் என்ற தட்டு அதை மேலே தூக்கிக் கொடுக்கும்.

சரி, கேள்விகள்.

"சிக்குதுன்னா எப்படி? கூடு வெளிய வராம சிக்குதா, புதுசு உள்ள வராம சிக்குதா?"

"புதுசு வரல," என்றார் அங்கிள். "லீவர் போடறேன். விசையை அழுத்தறேன். டிக்னு சத்தம். உள்ள ஒண்ணும் இல்ல."

"மொத்தம் எத்தனை தோட்டா போடுவீங்க?"

"முழுசாதான். எங்கப்பா அப்படித்தான் போடுவார். பத்து, பன்னெண்டு."

மகனிடம் கேட்டேன். "நான் அஞ்சுதான் சார் போடுவேன். அதுக்கு மேல எதுக்கு?"

இங்கே எனக்குக் காது நிமிர்ந்தது.

"அங்கிள், தேங்காய்க்கு மேல பாத்துச் சுடும்போது சிக்குதா? தகர டப்பாவை நேரா பாத்துச் சுடும்போதா?"

அவர் யோசித்தார். "டப்பாவுக்குத்தான். தேங்காய்க்கு அவ்வளவா இல்ல."

மறுநாள் மழை விட்டிருந்தது. தோட்டத்தில் மண் மேட்டுக்கு முன்னால் டப்பா வைத்து ஃபேக்டரியில் செய்வது போலவே செய்தோம். ஒரு நோட்டில் ஆள், எண்ணிக்கை, நடந்தது. மகன் அஞ்சு போட்டார், சிக்கவில்லை. அங்கிள் அஞ்சு போட்டார். சிக்கவில்லை! மகனைப் பன்னிரண்டு போடச் சொன்னேன். இரண்டாவது வெடியிலேயே டிக். அவர் லீவரை ஓங்கி ஓங்கிப் போட்டுப் பார்த்தார். டிக், டிக்.

அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கூட்டினோம். ஆறு, ஏழு, எட்டு வரை பிரச்சினை இல்லை. ஒன்பதில் தகராறு ஆரம்பம். பத்துக்கு மேல் போட்டால் முதல் இரண்டு வெடியிலேயே நின்றுவிடும்.

கவனியுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். குழாய் நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அழுந்தி வேகமாகத் தள்ளும். கடைசி ஓரிரண்டு தோட்டாக்களுக்குத்தான் பலம் போதாமல் போகும். இங்கே குறைவாகப் போட்டால் சரி, நிறையப் போட்டால் தகராறு. அப்படியென்றால் ஸ்பிரிங் இல்லை, கேரியர் இல்லை, ஆளும் இல்லை. குழாயில் வழியில் ஏதோ ஒன்று பிடிக்கிறது. எட்டுத் தோட்டா வரை அந்த இடம் எட்டவில்லை, ஒன்பதாவது எட்டிவிடுகிறது. மேலே பார்த்துச் சுடும்போது தோட்டாக்கள் தம் எடையிலேயே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவதால் அவ்வளவாகச் சிக்கவில்லை.

.22 லாங் ரைஃபிள் தோட்டாவின் நீளம் ஒரு அங்குலம். ஸ்கேல் வேண்டாம், தோட்டாவே ஸ்கேல். பித்தளைக் குழாயில் பின் முனையிலிருந்து எட்டு, ஒன்பது அங்குலத்தில் பாருங்கள் என்றேன்.

அங்கிள் துப்பாக்கியைக் காலி செய்து, குழாயை வெளியே உருவி, வெயிலில் சாய்த்துப் பிடித்துத் திருப்பினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். பேத்தியைக் கூப்பிட்டுத் தடவச் சொன்னார். அவளும் அதே இடத்தில் நிறுத்தினாள். பாத்திரத்தில் விழுமே, அந்த மாதிரி ஒடுக்கு. ஆனால் ஒரு அரிசி அளவுதான். தோட்டாவின் விளிம்பு ஏழு மில்லிமீட்டர் அகலம், குழாய்க்குள் அதற்கு மேல் அதிக இடம் கிடையாது. குழாயை உள்ளே தள்ளும்போது கை பலத்தில் தோட்டாவும் ஸ்பிரிங் முனையும் அந்த ஒடுக்கைத் தாண்டிப் போய்விடும். திரும்பி வரும்போது தள்ளுவது ஸ்பிரிங் மட்டும்தான். அதனால் முடியாது. நடுவில் ஒன்று சிக்கியதும் பின்னால் இருப்பவற்றைத் தள்ளவும் ஆள் இல்லை.

குழாயைக் கழற்றி வைத்தபோது யாரோ எதையோ அதன் மேல் வைத்திருக்க வேண்டும். யார் என்று யாரும் கேட்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அன்று ராத்திரி அங்கிள் குடையைப் பிடித்துக்கொண்டு ரைட்டர் வீட்டுக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை. காபி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் சொன்னார்.

"தம்பி, போன வருஷம் கைல்போத் முடிஞ்சு பசங்க எல்லாரும் ஆளுக்கு ரெண்டு சுட்டாங்க. நான்தான் தோட்டா போட்டேன், எண்ணல. கடைசியில லீவர் போட்டேன். டிக். திரும்பவும் டிக். மூணு தடவை பாத்தேன். காலின்னு வராந்தா மூலையில நிமித்தி சாத்தி வச்சேன். மறுநாள் காலையில துடைக்கலாம்னு எடுத்து லீவர் போட்டேன். உள்ளேயிருந்து ஒரு தோட்டா வந்து தரையில விழுந்தது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த மூலையிலதான் பேத்தி செருப்பு கழட்டுவா. நான் யார்கிட்டயும் சொல்லல. இருபது வருஷம் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். ஆயுதத்தைக் காலி பண்ணாம வைக்கிறவன் ஆர்மிக்கு லாயக்கில்லன்னு திட்டியிருக்கேன். மறதி வந்துடுச்சுன்னு நெனைச்சேன். பையன் 'நீங்க சுட வேண்டாம்'னு சொன்னப்ப கோபம் வந்தது அவன் மேல இல்ல. அவன் சொல்றது சரிதானோன்னு பயம்."

இதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கி கிடைமட்டமாக இருந்தபோது தோட்டா ஒடுக்கில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. லீவருக்கு ஒன்றும் வரவில்லை, காலி என்று தோன்றியிருக்கிறது. குழல் மேலே பார்க்க நிமிர்த்திச் சாய்த்ததும் சிக்கியிருந்தது நழுவிக் கீழே இறங்கி வந்திருக்கிறது. மறதி இல்லை அங்கிள், ஒடுக்குதான் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன்.

படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மனசு லேசானது தெரிந்தது. ஆனால் எழுந்திருக்கும்போது சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"சிக்கினது குழாயோட தப்பு, சரி. டிக் சத்தத்தை நம்பி காலின்னு வச்சது என் தப்பு. குழாயை உருவிப் பாத்திருந்தா ஒரு நிமிஷம். அதுக்கு ஒடுக்கு மேல பழி போட முடியாது."

ஃபேக்டரியில் எத்தனையோ மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். கோளாறு எங்கே, பொறுப்பு எங்கே என்று இப்படிப் பிரித்துச் சொன்ன ஒருவரை அங்கே பார்த்ததில்லை. நானும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் மைசூரில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் அங்கிளே காகிதங்களோடு கொண்டுபோனார். நான் துணைக்கு. புதுக் குழாய் கிடைக்குமா என்று கேட்டதற்கு ரிப்பேர்க்காரர் சிரித்தார். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. உதிரி பாகத்துக்கு எங்கே போவது? குழாய்க்குள் சரியாகப் பொருந்துகிற ஒரு எஃகுக் கம்பியை விட்டு, மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒடுக்கு எடுக்கும் அதே பழைய வித்தைதான். அப்புறம் குழாய்க்குள் துணி விட்டு இழுத்தபோது கறுப்புக் களிம்பாக வந்தது. .22 குண்டின் மேல் மெழுகோ எண்ணெயோ பூசியிருப்பார்கள். நாம் வேறு எண்ணெய் ஊற்றினால் இரண்டும் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். "குழாய்க்குள்ள எண்ணெய் விடாதீங்க, தொடச்சு காய வையுங்க போதும்" என்றார்.

திரும்பி வந்து பன்னிரண்டு போட்டுச் சோதித்தோம். வரிசையாக வந்தது. எட்டாவதில் மறுபடியும் நின்றது! எனக்குத் திக்கென்றது. பார்த்தால் இது வேறு. காலிக் கூடு வெளியே போகாமல் வாயில் நிற்கிறது, பின்னாலேயே புதுசு வந்து முட்டுகிறது. லீவரைக் கடைசி வரை தள்ளாவிட்டால் வருவது. துப்பாக்கியைத் தோளில் வைத்தபடியே லீவரைத் தள்ளும்போது அங்கிளின் கை முக்கால் தூரத்தில் நின்றுவிட்டது.

மகன் என்னைப் பார்த்தார். அங்கிளும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் எட்டு அங்குலத்தில் இருந்த ஒடுக்கைச் சொன்னவன் இதை மட்டும் முழுங்குவது சரியில்லை.

"அங்கிள், இது குழாய் இல்ல."

"தெரியும்," என்றார். "இது தோள்."

அடுத்த வெடிக்குத் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, இடுப்பருகே பிடித்து, லீவரை முழுசாகத் தள்ளி இழுத்தார். சுத்தமாக வந்தது. கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். தேங்காய் எங்கேயும் ஓடிவிடாது.

செப்டம்பர் 3-ஆம் தேதி குழல் முனையில் செங்காந்தள் வைத்துப் பூஜை. கடம்புட்டும் பன்றிக்கறியும் எனக்கு ஒரு பிடி அதிகமாகவே விழுந்தது. ஆளுக்கு மூன்று வெடி. அங்கிளின் மூன்றில் இரண்டு காற்றில் போனது, ஒன்று தேங்காய் மட்டையை உரசியது. பேத்திதான் தேங்காயை உடைத்தாள். மகன் அப்பாவின் பக்கத்திலேயே நின்று தோட்டா எடுத்துக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்தபின் அங்கிள் பேத்தியைக் கூப்பிட்டார். பித்தளைக் குழாயை முழுசாக வெளியே உருவச் சொன்னார். குழாய், கேரியர், குழல் மூன்றையும் பார்க்கச் சொன்னார். போட்டது எத்தனை, சுட்டது எத்தனை, மிச்சம் எத்தனை என்று சத்தமாக எண்ணச் சொன்னார். அவர்கள் பாஷையில் எண்ணினால் நம்ம ஒன்று, இரண்டு, மூன்று மாதிரியேதான் கேட்கும். கணக்குச் சரியாக வந்தபிறகுதான் "காலி" என்றார். இந்தத் தடவை சுவரில் சாய்க்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

இப்போதெல்லாம் ஃபேக்டரியில் பேக்கிங் மிஷின் நின்றால், ஆபரேட்டர் பையன் முகம் சுருங்குவதற்கு முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனையாவது பாக்கெட்ல நின்னுச்சு?"

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கியைப் பிரித்து மேய வேண்டாம். ரிப்பேருக்கு லைசென்ஸ் உள்ளவர் இருக்கிறார். ரோல் கேப் துப்பாக்கி என்றால் தாராளமாகப் பிரிக்கலாம். கல் எப்படியும் இருக்கிறது :-)